சில்வராடோ முகம், கஸ்டம் டீலக்ஸ் உடல்: பழைய செவர்லே பிக்கப்பில் டிரிம் மாற்றிய பின் வரும் கோளாறுகள்

அமெரிக்காவில் ‘ஸ்கொயர்பாடி’ என்று செல்லமாக அழைக்கப்படும் 1973 முதல் 1987 வரையிலான செவர்லே சி, கே வரிசை பிக்கப் வண்டிகளைப் புதுப்பிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1975 முதல் இவ்வண்டிகள் கஸ்டம் டீலக்ஸ், ஸ்காட்ஸ்டேல், செயென், சில்வராடோ என்ற நான்கு ‘டிரிம்’களில், அதாவது வசதிப் படிநிலைகளில், வந்தன. கஸ்டம் டீலக்ஸ் பெரும்பாலும் பண்ணை வேலைக்கும் கட்டட வேலைக்கும் வாங்கப்பட்ட எளிய வண்டி. சில்வராடோவோ முழு மீட்டர் வரிசை, பளபளக்கும் பட்டைகள், நல்ல இருக்கை என்று எல்லாம் நிறைந்தது. எளிய வண்டியின் உடல் துருவேறாமல் இருக்கும். சில்வராடோவின் அடிப்பாகம் கரைந்து போயிருந்தாலும் உட்புறம் அழகாக இருக்கும். இரண்டையும் சேர்த்து ஒரு நல்ல வண்டி ஆக்கிவிடலாம் என்ற ஆசை அப்போது இயல்பாகவே எழுகிறது. அது தவறான ஆசையும் அன்று. ஆனால் பொருத்தி முடித்த பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு, கழற்றி வைத்த எளிய பாகம் கண்ணுக்குத் தெரியாமல் வேறொரு வேலையையும் செய்துகொண்டிருந்தது என்பதே காரணம். கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் அந்தக் கேள்வியையே முதலில் கேட்டிருக்கிறேன்.

தொடங்கும் முன் இரண்டு வண்டிகளிலும் டேஷ்போர்டில் உள்ள கையுறைப் பெட்டியை (கிளவ் பாக்ஸ்) திறந்து, அங்கே ஒட்டப்பட்டிருக்கும் உதிரிபாக அடையாளச் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் என்னென்ன பொருத்தப்பட்டன என்பது அதில் குறியீடுகளாக இருக்கும். இசட்53 என்றால் முழு மீட்டர் வரிசை, யு16 என்றால் டாக்கோமீட்டர், ஏ31 என்றால் மின் ஜன்னல், என்33 என்றால் சாய்த்துக்கொள்ளும் ஸ்டியரிங், சி60 என்றால் குளிர்சாதனம். சீட்டு கிழிந்து போயிருந்தால் ஆண்டைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். 1981 முதல் வாகன அடையாள எண் 17 இலக்கங்களாயிற்று. அதன் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைச் சொல்லும். இரண்டு எல்லைகளை மட்டும் மறக்க வேண்டாம். 1977இல் கதவின் உட்புறம் மாறியது. 1981இல் முன்பக்கம் முழுவதும் மாறியது. இந்த எல்லைகளைத் தாண்டிப் பாகம் வாங்கியவர்களே பெரும்பாலும் ‘பொருந்தவில்லை’ என்று திரும்பி வருகிறார்கள்.

மீட்டர் போர்டு மாற்றிய பின் பேட்டரி இறங்கிவிடுகிறது

இந்த வேலையில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் கோளாறு இதுதான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். என்னுடைய 1978 கஸ்டம் டீலக்ஸில் எரிபொருள் மீட்டர் தவிர மற்ற எல்லாம் எச்சரிக்கை விளக்குகளாகவே இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு 1979 சில்வராடோவின் முழு மீட்டர் போர்டைப் பொருத்தினேன். முட்கள் எழுந்தன, விளக்குகள் எரிந்தன, மனம் நிறைந்தது. மூன்றாம் நாள் இரவு வண்டி கிளம்பவில்லை. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று நினைத்துக் கழற்றிப் பரிசோதனைக்குக் கொடுத்தேன்; அது நல்ல நிலையில் இருந்தது.

காரணம் ஆல்டர்னேட்டரின் எண் 1 முனைக்குச் செல்லும் பழுப்பு நிற வயரில் இருந்தது. அக்கால ஜெனரல் மோட்டார்ஸ் ஆல்டர்னேட்டர் மின் உற்பத்தியைத் தொடங்குவதற்கு முதலில் சிறிதளவு மின்னோட்டம் வெளியிலிருந்து வர வேண்டும். எளிய வண்டியில் அந்த மின்னோட்டம் சார்ஜ் எச்சரிக்கை விளக்கின் பல்பு வழியாகவே சென்றது. பல்பு ஓட்டுநருக்குச் செய்தி சொல்லும் விளக்காக மட்டும் இல்லாமல் அந்தச் சுற்றின் தடையாகவும் இருந்தது. மீட்டர் கொண்ட வண்டிகளில் பல்பு இல்லாததால், தொழிற்சாலையிலேயே வயரிங்கில் மின்தடை கொண்ட ஒரு தடைவயரைச் சேர்த்திருந்தார்கள். போர்டை மட்டும் எடுத்து வந்து வயரிங்கை விட்டுவிட்டால், பல்பும் போயிற்று, தடைவயரும் வரவில்லை. பழுப்பு வயர் எங்கும் சேராமல் தொங்கும்.

உறுதிசெய்வது எளிது. என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு பேட்டரி முனைகளில் வோல்டேஜ் பாருங்கள். சுமார் 14 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 12.5க்குக் கீழே இருந்து, ஒருமுறை ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தவுடன் 14க்கு ஏறி அங்கேயே நின்றால், ஆல்டர்னேட்டரில் குறை இல்லை, தொடக்க மின்னோட்டம்தான் வரவில்லை என்று பொருள். இரும்பில் எஞ்சியிருக்கும் காந்தத்தன்மையால் அது வேகத்தில் தானாக விழித்துக்கொள்கிறது. சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒரு முனையிலிருந்து சிறிய 12 வோல்ட் டேஷ்போர்டு பல்பு ஒன்றின் வழியாகப் பழுப்பு வயருக்கு இணைப்புக் கொடுப்பதே நான் பரிந்துரைக்கும் தீர்வு. பல்பை மீட்டர் போர்டின் பின்னால் மறைத்து வைத்தாலும் அது தன் வேலையைச் செய்யும்.

சாவியை எடுத்தும் என்ஜின் நிற்கவில்லை

முந்தைய கோளாறை அவசரமாகச் சரிசெய்ததன் விளைவு இது. பல்போ தடையோ இல்லாமல் பழுப்பு வயரை இக்னிஷன் வயரோடு நேராக முறுக்கிவிட்டால் சார்ஜ் ஆகும். ஆனால் சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரம் அதே வழியாகப் பின்னோக்கி வந்து இக்னிஷனுக்கு உயிர் கொடுத்துக்கொண்டே இருக்கும். நடுவில் பல்பைச் சேர்த்தவுடன் இது நின்றுவிடும்.

வெப்ப முள் குளிரிலேயே படுத்திருந்து திடீரென்று உச்சிக்குத் தாவுகிறது. ஆயில் முள் என்ஜின் கிளம்பியதும் கடைசிக்குப் போய் நின்றுவிடுகிறது

எச்சரிக்கை விளக்கு வண்டியின் என்ஜினில் இருப்பவை வெறும் ஸ்விட்ச்கள். வெப்ப ஸ்விட்ச், தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகும் வரை திறந்தே இருக்கும். பிறகு ஒரேயடியாக எர்த்தோடு, அதாவது வண்டியின் இரும்பு உடலோடு, சேரும். ஆயில் ஸ்விட்ச் அழுத்தம் இல்லாதபோது எர்த்தோடு சேர்ந்திருக்கும், அழுத்தம் வந்ததும் திறந்துவிடும். மீட்டருக்கோ படிப்படியாக மாறும் மின்தடை வேண்டும். ஸ்விட்சை வைத்துக்கொண்டு மீட்டரைப் பொருத்தினால் முள்ளுக்கு இரண்டே நிலைகள்தாம் தெரியும். வெப்ப முள் குளிரில் நிற்பதைக் கண்டு ‘என்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கிறது’ என்று நினைத்து ஓட்டுவது ஆபத்து. முள் அசையும் நேரத்தில் தண்ணீர் கொதித்திருக்கும்.

ஆகவே மீட்டரோடு, அந்த ஸ்விட்ச்களுக்குப் பதிலாக மாறும் மின்தடை தரும் வெப்ப, ஆயில் உணரிகள் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். வெப்ப உணரியின் அடர்பச்சை வயரைக் கழற்றினால் முள் குளிருக்குப் போக வேண்டும். அதே வயரை எர்த்தில் தொட்டால் உச்சிக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் போர்டும் வயரும் சரி, உணரிதான் தவறு. மீட்டருக்கான ஆயில் உணரி ஸ்விட்சை விடப் பருமனானது. வி8 என்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் அருகே இடம் நெருக்கமாக இருப்பதால், சிறிய நீட்டிப்புக் குழாய் ஒன்றை இடையில் வைத்துப் பொருத்த வேண்டியிருக்கும். முற்கால போர்டு சிலவற்றில் ஆயில் மீட்டர் மின்சாரத்தால் இயங்குவதன்று, மெல்லிய குழாய் வழியாக ஆயிலே அதற்கு வரும். அப்படிப்பட்ட போர்டை வாங்கினால் அந்தக் குழாயையும் சேர்த்தே வாங்குங்கள்.

பேட்டரி மீட்டரின் முள் அசைவதே இல்லை

1975 வரை இவ்வண்டிகளில் அம்மீட்டர் இருந்தது. 1976 முதல் வோல்ட்மீட்டர் வந்தது. இரண்டும் ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் இருப்பதால் பலரும் ஏமாந்துவிடுகிறார்கள். அம்மீட்டருக்கு வரும் இரண்டு வயர்களும் மின்பாதையின் இரண்டு புள்ளிகளிலிருந்து வருபவை. இரண்டிலுமே பேட்டரியின் வோல்டேஜ்தான் இருக்கும். இடையே உள்ள நுண்ணிய வேறுபாட்டைத்தான் அம்மீட்டர் காட்டியது. அவ்விரண்டு வயர்களுக்கு நடுவே வோல்ட்மீட்டரை வைத்தால் அது காண்பது பூஜ்யமே. பழைய இரண்டு வயர்களையும் காப்புறையிட்டுக் கட்டி வைத்துவிட்டு, வோல்ட்மீட்டருக்கு இக்னிஷன் மின்சாரம் ஒன்றும் எர்த் ஒன்றும் புதிதாகக் கொடுங்கள். பழைய வயர்களைக் காப்புறையின்றி விட்டுவிடக் கூடாது. அவற்றில் சாவி இல்லாமலே எப்போதும் மின்சாரம் இருக்கும்.

எரிபொருள் முள் ‘நிறைவு’ கோட்டையும் தாண்டிப் போய் நிற்கிறது

வெப்ப மீட்டரோடு ஒப்பிட்டால் இதன் போக்கு நேர் எதிரானது என்பதை நினைவில் வையுங்கள். டேங்கில் உள்ள உணரி காலியாக இருக்கும்போது 0 ஓம், நிறைந்திருக்கும்போது 90 ஓம் காட்டும். வயர் அறுந்தாலோ எர்த் விட்டுப்போனாலோ மின்தடை எல்லையற்றதாகி முள் நிறைவைத் தாண்டும். வயர் எங்கேனும் உடலில் உரசி எர்த்தானால் முள் காலிக்கு விழும். புதுப்பித்த வண்டியில் இது வருவதற்கு முதற்காரணம் பெயிண்ட். சட்டத்தைச் சுரண்டிச் சுத்தமாகப் பெயிண்ட் அடித்தவர், உணரியின் கறுப்பு எர்த் வயரை அந்தப் புதுப் பெயிண்டின் மேலேயே திருகியிருப்பார். அந்த இடத்தில் ஒரு நாணய அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் திருகை இறுக்கி, மேலே கிரீஸ் பூசினால் போதும்.

அதற்குப் பிறகும் தீரவில்லை என்றால், உணரியின் வயரைக் கழற்றி அதற்கும் எர்த்துக்கும் நடுவே 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துப் பாருங்கள். முள் பாதி அருகே நின்றால் மீட்டர் சரி. இரண்டு டேங்க் கொண்ட வண்டியிலிருந்து போர்டை எடுத்திருந்தால், டேங்க் மாற்றும் ஸ்விட்ச்தான் உணரிகளையும் மாற்றுகிறது என்பதையும் கவனியுங்கள். அந்த ஸ்விட்ச் வராவிட்டால் ஒரு டேங்கின் அளவுதான் தெரியும்.

மீட்டர் போர்டைப் பற்றிய கடைசிக் குறிப்பு ஓடோமீட்டர் குறித்தது. போர்டோடு அந்த வண்டி ஓடிய மைல் கணக்கும் வந்துவிடுகிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, மாற்றிய ஓடோமீட்டரைப் பழைய கணக்குக்குத் திருத்த முடியாவிட்டால் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பழைய மைல் கணக்கையும் மாற்றிய தேதியையும் எழுதிய சீட்டை இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். வாங்குபவருக்கு நாம் காட்டும் நேர்மை இது. தயவுசெய்து செய்துவிடுங்கள்.

மின் ஜன்னல் கதவு உறை பொருந்தவில்லை. பொருந்தினாலும் பயணி பக்க ஜன்னல் இயங்கவில்லை

மின் ஜன்னலும் மின் பூட்டும் இவ்வரிசையில் 1977இல்தான் வந்தன. அதே ஆண்டு கதவின் உட்தகடு மாறியதால், 1973 முதல் 1976 வரையிலான கதவில் பிந்தைய உறை உட்காராது. துளை போட்டு ஒட்டவைக்க முயல்வதை விட, 1977க்குப் பிந்தைய கதவை முழுதாகக் கீல்களிலிருந்து மாற்றுவதே நல்லது, வெளித்தோற்றம் ஒன்றுதான்.

பயணி பக்க ஜன்னல் இயங்காமல் போவது வேறு கதை. இந்த மோட்டார்களில் இரண்டு வயர்கள்தாம். எந்த வயருக்கு மின்சாரம் போகிறதோ அதைப் பொறுத்துக் கண்ணாடி ஏறும் அல்லது இறங்கும். மற்ற வயர் அப்போது எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும். அந்த எர்த், ஓட்டுநர் கதவிலுள்ள முதன்மை ஸ்விட்சின் ஓய்வுநிலை வழியாகக் கிடைக்கிறது. ஆகவே பயணி கதவில் மட்டும் மோட்டாரையும் ஸ்விட்சையும் பொருத்தி மின்சாரம் கொடுத்தால், எந்தப் பக்கம் அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. மோட்டார் கெட்டது என்று முடிவு செய்யும் முன், முதன்மை ஸ்விட்சின் எர்த் வயரை மல்டிமீட்டரில் சரிபாருங்கள்.

கண்ணாடி மெதுவாக ஏறினால், பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மோட்டார் முனைகளில் வோல்டேஜ் பாருங்கள். 11க்கு மேல் இருந்தால் வயரிங்கைக் குறை சொல்ல வேண்டாம்; கண்ணாடி ஓடும் பள்ளத்தின் பழைய ரப்பர் பீடிங் காய்ந்து கல்லாகியிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணாடியைத் தூக்கும் அமைப்பில் வலிய சுருள்வில் ஒன்று எப்போதும் இழுபட்ட நிலையில் இருக்கிறது. மோட்டாரைக் கழற்றும் கணத்தில் பற்சக்கரத்தைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லாததால் அது வெடித்ததுபோல் சுழலும். விரல் நடுவில் இருந்தால் நசுங்கிவிடும். பற்சக்கரத் தகட்டுக்கும் பின்தகட்டுக்கும் ஊடே துளையிட்டு ஒரு போல்ட்டைச் செருகி நட் போட்டு இறுக்கிய பிறகே மோட்டாரின் திருகுகளில் கை வையுங்கள்.

சாய்வு ஸ்டியரிங் போட்ட பின் ஸ்டார்ட்டரில் சத்தமே இல்லை

ஆட்டோமேட்டிக் வண்டியில், கியர் பார்க் அல்லது நியூட்ரலில் இருந்தால் மட்டும் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் ஸ்விட்ச் ஸ்டியரிங் தண்டிலேயே அமர்ந்திருக்கும். மேனுவல் வண்டியில் அந்த வேலை கிளட்ச் பெடலுக்குப் போய்விடும். பாகம் எடுக்கும் வண்டி எந்த வகை என்று பார்க்காமல் தண்டை மாற்றியவர்களுக்கு இது நேர்கிறது. சாவியை ஸ்டார்ட் நிலையில் பிடித்தபடி, ஊதா வயரில் ஸ்விட்சுக்கு முன்னும் பின்னும் டெஸ்ட் லேம்பை வைத்துப் பாருங்கள். நியூட்ரலில் கிளம்பி பார்க்கில் கிளம்பாவிட்டால் ஸ்விட்சைச் சற்றே நகர்த்தி இறுக்கினால் தீரும். ஸ்விட்சை நிரந்தரமாக இணைத்துவிட்டு ஓட்டுவதை நான் ஏற்க மாட்டேன். கியரில் இருக்கும் வண்டி சாவியைத் திருப்பியதும் பாய்ந்தால், முன்னால் நிற்பவருக்கு நாம் என்ன பதில் சொல்ல முடியும்?

முன்கண்ணாடியைச் சுற்றிய வெள்ளிப் பட்டை நெடுஞ்சாலையில் கழன்று வருகிறது

இந்தக் கோளாறு எனக்கு மிகுந்த மன வருத்தம் தந்தது. ஏனெனில் அந்தப் பட்டைகள் வளையாமல், பள்ளம் விழாமல் கிடைப்பது அரிது. உயர் டிரிம்மில் முன்கண்ணாடியின் ரப்பர் பீடிங்கில் பட்டை உட்காருவதற்கென்றே ஒரு பள்ளம் இருக்கும். எளிய வண்டியின் பீடிங்கில் அது இல்லை. அதன் முகம் வழவழப்பாக உருண்டிருக்கும். விரல் நகத்தை பீடிங்கின் மேல் ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பட்டை வேண்டுமானால் பள்ளம் உள்ள பீடிங்கையே வாங்க வேண்டும். பசை தடவிய பட்டை ஒரு வெயில் காலத்தைக் கூடத் தாண்டாது. நான் புதிதாக வாங்கிய பீடிங் ஒன்றில் மூலைகள் சரியாக வார்க்கப்படாமல், பட்டையின் மூலைத்துண்டு மேலெழுந்து நின்றது. ஆகவே வந்ததும் பட்டையை மேசை மேலேயே வைத்துப் பொருத்திப் பார்த்துவிடுங்கள். கண்ணாடியை வண்டியில் ஏற்றும் முன்பே, சோப்புத் தண்ணீர் தடவிப் பட்டையைப் பள்ளத்தில் அமர்த்திவிடுவது எளிது. ஏற்றிய பின் நெம்பினால் ரப்பர் கிழியும் அல்லது பட்டை மடங்கும்.

பழைய பீடிங்கை எடுத்ததும் அதன் அடியில் தகட்டின் விளிம்பைப் பாருங்கள். அங்கே துரு இருந்தால் புதிய ரப்பர் எவ்வளவு நல்லதானாலும் தண்ணீர் கசிந்து உள்தரைக்குப் போகும். மற்றொன்று, ரேடியோ கொண்ட ஸ்கொயர்பாடி வண்டிகளில் ஆன்டெனா முன்கண்ணாடிக்குள்ளேயே பதிக்கப்பட்டிருக்கிறது. வெறுங்கண்ணாடியை மாற்றிவிட்டு ரேடியோ ஏன் இரைகிறது என்று டேஷ்போர்டைப் பிரித்துத் தேட வேண்டாம்.

பக்கப் பட்டைகள் நீளத்தில் பொருந்தவில்லை. ஓராண்டில் அவற்றின் அடியில் கொப்புளம் எழுகிறது

பின்புறச் சரக்குப் பெட்டி குட்டையாக உள்ள வண்டியில் முன், பின் சக்கரங்களின் இடைவெளி 117.5 அங்குலம், நீளப் பெட்டியினுடையது 131.5 அங்குலம். அந்த 14 அங்குலமும் பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள பட்டையில்தான் தெரியும். நீளத்தை வெட்டிக் குட்டை ஆக்கினால் முனையின் வார்ப்பு போய்விடும். முன் ஃபெண்டர் பட்டைகளும் 1980 வரை ஒரு வகை, 1981 முதல் வேறு வகை.

கொப்புளத்துக்குக் காரணம், கிளிப்புக்காக நாம் புதிதாகப் போடும் துளைகள். துளையின் ஓரத்தில் வெறும் இரும்பு தெரிகிறது, பட்டை அலுமினியம், நடுவே மழைநீர் தேங்குகிறது. இரு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டால் அரிப்பு விரையும். துளையிட்டதும் ஓரத்தைத் தேய்த்து, துத்தநாகம் கலந்த பிரைமர் தடவி, மேலே பெயிண்ட் அடித்து, கிளிப்பின் அடியில் பியூட்டைல் பசைத் துணுக்கு வைத்து அழுத்துங்கள். துளைகளின் இடத்தை அளந்து ஊகிப்பதை விட, காயலான் கடையில் நிற்கும் சில்வராடோவின் தகட்டின்மேல் தாளை ஒட்டிப் பென்சிலால் தேய்த்து எடுத்து வருவது துல்லியமானது.

நான்கு விளக்கு முகப்பு பொருந்தவில்லை; பொருந்தியதில் ஹைபீம் போட்டால் விளக்குகள் அணைந்து அணைந்து எரிகின்றன

1981இல் ஃபெண்டர், பானெட், ரேடியேட்டர் தாங்கி, கிரில் என்று முன்பக்கம் முழுவதும் மாறியது. ஆகவே பிந்தைய கிரில் மட்டும் முந்தைய வண்டியில் உட்காராது; முழு முன்பக்கத்தையும் மாற்றினால்தான் முடியும். 1981க்குப் பிந்தைய இரண்டு விளக்கு வண்டிக்கு ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த நான்கு விளக்குகளைப் போடுவது சிரமமில்லை. விளக்குத் தாங்கிகளையும் வயரிங்கின் முன்பகுதியையும் சேர்த்து எடுத்து வந்தால் போதும்.

விளக்கு அணைந்து எரிவது பலரையும் பயமுறுத்தும். ஹெட்லைட் ஸ்விட்சுக்குள்ளேயே ஒரு சர்க்யூட் பிரேக்கர் உள்ளது. ஹைபீமில் நான்கு விளக்குகளும் எரியும்போது மின்னோட்டம் கூடுகிறது; நாற்பது ஆண்டுப் பழைய ஸ்விட்சின் முனைகள் ஏற்கெனவே தேய்ந்து சூடாவதால், பிரேக்கர் தன் கடமையைச் செய்து துண்டிக்கிறது, ஆறியதும் சேர்க்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் இரவில் முழு இருள் சூழ்வது உயிருக்கே ஆபத்து. லோபீமுக்கும் ஹைபீமுக்கும் தனித்தனி ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஸ்விட்ச்) வைத்து, பேட்டரி இணைப்பிலிருந்து ஃபியூஸ் வழியாக மின்சாரம் எடுத்து, பழைய ஸ்விட்ச் ரிலேயை மட்டும் இயக்கும்படி செய்யுங்கள். பிறகு வீட்டு வாசலிலேயே என்ஜினை ஓடவிட்டு, ஹைபீமையும் ஹீட்டர் விசிறியையும் முழு வேகத்தில் போட்டு இருபது நிமிடம் அப்படியே விடுங்கள். முடிந்ததும் விளக்கு ஸ்விட்சின் தண்டிலும் அதன் பின்னுள்ள இணைப்பானிலும் கை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், கை பொறுக்காத சூடு இருந்தால் இணைப்பானின் முனைகளைப் புதிதாக மாற்றாமல் வண்டியை இரவில் எடுக்க வேண்டாம்.